மூணு கார்டை எண்றவங்க அந்த வலது கையையும் பாக்கணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல, எழுபதுகள்ல கிளம்பின வேகமான முரட்டு இசையான பங்க் ராக் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, அதுக்கு பதிலா ரெண்டு மூணு வாசகர் கடிதமும் போட்டிருந்தீங்க. கட்டுரை எழுதினவர் சொன்னது, பங்க்குக்கு வெறி இருந்தா போதும், சங்கீத ஞானமெல்லாம் தேவையே இல்ல, அதுதான் அதோட அழகுன்னு. கடிதம் எழுதினவங்க சொன்னது, ஆமா ஞானம் இல்ல, அதனாலதான் அது வெறும் இரைச்சல்னு. ஒருத்தர் பாராட்டறார், மத்தவங்க திட்டறாங்க, ஆனா எல்லாருமே ஒரே விஷயத்தை நம்பிக்கிட்டுதான் பேசறாங்க, அதாவது பங்க் வாசிச்சவங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு. அதைப் பத்தி எழுதாம இருக்க முடியல. கடிதம் நீளமா போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பங்க்ல எனர்ஜிதான் முதல்ல, எனக்கு அதுல சந்தேகமே கிடையாது. அது இல்லாத பங்க் பாட்டை எவ்வளவு சுத்தமா வாசிச்சாலும் உயிரில்லாம கிடக்கும். ஆனா அந்த எனர்ஜி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா, கோவத்துலேர்ந்து வருது, இளரத்தத்துலேர்ந்து தானா பொங்கி வருதுன்னு சொல்லிட்டு போயிடறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துவரல. கோவம் எல்லார்கிட்டயும்தான் இருக்கு. அது ஸ்பீக்கர் வழியா வந்து கேக்கறவன் நெஞ்சுல இடிக்கணும்னா அதுக்கு கை வேணும், மூச்சு வேணும், நாலு பேரும் ஒரே நொடில வந்து விழணும், அதெல்லாம் பழகிப் பழகித்தான் வரும்.

ராமோன்ஸ் பேண்டையே எடுத்துக்கோங்க. நியூயார்க்ல குவீன்ஸ் பகுதி பசங்க, 1974ல சேந்தாங்க, முதல் ஆல்பம் 1976 ஏப்ரல்ல வந்துச்சு, 14 பாட்டு, மொத்தமே அரை மணி நேரத்துக்கும் கம்மி, செலவு 6,400 டாலர் பக்கம். பெரிய பேண்டுங்க ஒரு ஆல்பத்துக்கு மாசக்கணக்குல ஸ்டூடியோவை பிடிச்சு வெச்சுக்கிட்டிருந்த காலத்துல இவங்க ஒரு வாரத்துல வேலைய முடிச்சிட்டு வெளிய வந்துட்டாங்க. இதைத்தான் எல்லாரும் ஆதாரமா காட்டுவாங்க, பாரு, தெரியாதவங்க ஒரு வாரத்துல ஆல்பம் போட்டாங்கன்னு. நான் கேக்கறது, தெரியாதவங்களால ஒரு வாரத்துல ஆல்பம் போட முடியுமா? தெரியாதவங்க ஸ்டூடியோவுக்குள்ள போனா ஒரு பாட்டுக்கே ஒரு வாரம் ஆகும். அவங்க அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் சிபிஜிபி கிளப்புல அதே பாட்டுங்களை திரும்பத் திரும்ப வாசிச்சு வாசிச்சு கைல ஏத்தி வெச்சிருந்தாங்க, அதனாலதான் டேப் ஓட ஆரம்பிச்சதும் நேரா வாசிச்சிட்டு போக முடிஞ்சுது.

அவங்க கிடாரிஸ்ட் ஜானி ராமோனோட வலது கையைப் பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா என்னோட மொத்த வாதமும் அந்தக் கைலதான் இருக்கு. அவர் வாசிச்சது கிட்டத்தட்ட முழுக்க டவுன் ஸ்ட்ரோக், அதாவது பிக்கை (கம்பிய மீட்டற சின்னத் தகடு) மேலேர்ந்து கீழ மட்டும்தான் அடிக்கறது. சாதாரணமா வேகமா வாசிக்கறவங்க கீழ ஒரு அடி மேல ஒரு அடின்னு மாத்தி மாத்தி அடிப்பாங்க, அப்போ கைக்கு பாதி வேலைதான். ஆனா மேல போற அடி மெல்லிய கம்பிய முதல்ல தொடும், கீழ வர்ற அடி தடி கம்பிய முதல்ல தொடும், அதனால ரெண்டு அடியும் ஒரே மாதிரி கேக்காது, ஒண்ணு கனமா ஒண்ணு லேசா வரும். எல்லாமே கீழ அடிச்சாதான் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்துல, ஒரு மெஷின் மாதிரி வந்து விழும். அந்தச் சுவர் மாதிரி சத்தம் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயரை) ஏத்தி வெச்சதால மட்டும் வரல, இதனாலதான் வந்துச்சு. இப்போ கணக்கு பாருங்க, அவங்க பாட்டுங்க பல நிமிஷத்துக்கு 170, 180 பீட் வேகத்துல போகும், ஒரு பீட்டுக்கு ரெண்டு அடி, அப்போ நிமிஷத்துக்கு 350 அடி பக்கம், எல்லாமே கீழ்நோக்கி, அதுவும் ஆறு கம்பியையும் ஒரு விரலால அமுக்கிப் பிடிக்கற பார் கார்டுல (கார்டுன்னா சில ஸ்வரங்களை ஒண்ணா சேத்து ஒலிக்க வெக்கறது). பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இளைப்பாற நேரம் கிடையாது, பேஸ் (தாழ்ந்த ஸ்வரத்துக்கான கிடார்) வாசிக்கற டீ டீ, ஒன் டூ த்ரீ ஃபோர்னு கத்தினா அடுத்தது ஆரம்பிச்சாச்சு. 1977 டிசம்பர் 31 லண்டன் ரெயின்போ தியேட்டர்ல அவங்க வாசிச்சது லைவ் ஆல்பமா இருக்கு, ஒரு மணி நேரத்துக்கும் குறைச்சலா 28 பாட்டு. அதுல கடைசிப் பாட்டு வரைக்கும் அந்தக் கை தளரவே இல்ல.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நல்ல கிடாரிஸ்ட், ஸ்கேலெல்லாம் தண்ணி பட்ட பாடு, சோலோ வாசிச்சா வாய பொளந்துக்கிட்டு கேக்கலாம். இதெல்லாம் ஒரு வாசிப்பான்னு சொல்லிக்கிட்டிருந்தவர்கிட்ட சரி ஒரு ராமோன்ஸ் பாட்டை டவுன் ஸ்ட்ரோக்ல மட்டும் முழுசா வாசிங்கன்னு சொன்னேன். முதல் வெர்ஸ் நல்லாதான் வந்துச்சு, கோரஸ் வர்றதுக்குள்ள முன்னங்கை இறுகிப் போச்சு, ரெண்டாவது வெர்ஸ்ல அவரை அறியாமலேயே மேல கீழன்னு மாத்தி அடிக்க ஆரம்பிச்சிட்டார், உடனே அந்த பாட்டோட முகமே மாறிப் போச்சு, அதே கார்டு அதே வேகம் ஆனா தொளதொளன்னு ஆயிடுச்சு. அவரை குறை சொல்ல இதை எழுதல. அவர் பழகினது வேற திறமை, இது வேற திறமை. ரெண்டாவது ஒண்ணை நம்ம திறமைன்னு கணக்குலயே எடுத்துக்கறதில்லங்கறதுதான் என் வருத்தம்.

டிரம்ஸும் அதே கதைதான். ராமோன்ஸ்ல முதல்ல டிரம்ஸ் வாசிச்சது ஜோயி, பாடினது டீ டீ, அது சரிப்பட்டு வராம ஜோயி பாட வந்ததும் டிரம்மர் தேடினாங்க. வந்தவங்க எல்லாம் அந்தக் காலத்து ராக் பழக்கத்துல உருட்டி உருட்டி வாசிக்க, டாமி அப்போ அவங்க மேனேஜர் மாதிரி இருந்தவர், இல்லப்பா இப்படி வாசின்னு ஒவ்வொருத்தருக்கா காட்டப் போய் கடைசில அவரே டிரம்மர் ஆயிட்டார். எல்லாருக்கும் வாசிக்கத் தெரிஞ்சிருந்துச்சு, எதை வாசிக்கக் கூடாதுன்னு தெரியல. டாமி அதுக்கு முன்னாடி ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோல இன்ஜினியருக்கு உதவியாளா இருந்தவர், பெரிய கிடாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸோட ரெக்கார்டிங்கை பக்கத்துல நின்னு பாத்தவர். ஒரு சத்தம் டேப்ல எப்படி உக்காரும்னு தெரிஞ்ச ஆளு. இவரைப் போய் ஒண்ணும் தெரியாத பையன்னு சொன்னா எப்படி?

அடுத்து லண்டன் பேண்டு செக்ஸ் பிஸ்டல்ஸ், ஏன்னா கட்டுரைல சிட் விஷஸை வெச்சுதான் பாதி வாதம் பண்ணியிருந்தார். சிட் விஷஸுக்கு பேஸ் வாசிக்க வராது, ஆனா அவர்தான் பங்க்கோட முகம், அதனால வாசிப்பு முக்கியமில்லன்னு எழுதியிருந்தார். வாசிக்க வராதுங்கறது உண்மை. 1977 பிப்ரவரில அது வரைக்கும் பேஸ் வாசிச்ச க்ளென் மேட்லாக் போனதுக்கப்புறம் சிட் உள்ள வந்தார், ஆளு பாக்கறதுக்கு அந்த பேண்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்தார். ஆனா அதே வருஷம் அக்டோபர்ல வந்த ஆல்பத்தைக் கேளுங்க. அதுல இருக்கற பேஸ் பெரும்பாலும் ஸ்டீவ் ஜோன்ஸ் வாசிச்சது, கிடாரும் அவரே, மேட்லாக் இருந்தப்போ பதிவான முதல் சிங்கிள்ல மட்டும் மேட்லாக்கோட பேஸ். ஸ்டீவ் ஜோன்ஸ் கிடார் கத்துக்கிட்டு ரொம்ப வருஷம்கூட ஆகல, அப்படி இருந்தும் ஒரே பாட்டுல கிடார் மேல கிடாரா அடுக்கி அடுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு இம்மி பிசகாம உக்கார வெச்சார். பின்னாடி டிரம்ஸ்ல பால் குக் அலட்டிக்காம நேரா அடிச்சிட்டுப் போறார். ரெக்கார்ட் பண்ணினவங்க கிறிஸ் தாமஸும் பில் பிரைஸும், ரெண்டு பேரும் தொழில் கரைச்சுக் குடிச்சவங்க. பாடகர் ஜானி ராட்டன், பெரிய ராக் பேண்டான பிங்க் ஃபிளாய்டை வெறுக்கறேன்னு எழுதின சட்டையப் போட்டுக்கிட்டு திரிஞ்சவர்னு எல்லாருக்கும் தெரியும், அவங்க ஆல்பத்துக்கு வந்த கிறிஸ் தாமஸ் அதே பிங்க் ஃபிளாய்டோட பெரிய ஆல்பத்தோட மிக்ஸிங்ல உக்காந்தவர். அந்த ஆல்பத்தைக் கேட்டா இன்னிக்கும் வீடு அதிருதுன்னா அதுக்கு சிட் கழுத்துல மாட்டிக்கிட்ட சங்கிலியும் பூட்டும் காரணம் இல்ல, ஸ்டீவ் ஜோன்ஸோட கை காரணம். சிட் முகமா இருந்தார், போஸ்டர்ல இருக்கார், சரி. ஆனா நம்ம கேக்கறது போஸ்டரை இல்லையே.

சிட்டை எடுத்துக்கிட்டவர் பால் சிமோனனை விட்டுட்டார், அதுதான் எனக்கு பொறுக்கல. இன்னொரு லண்டன் பேண்டு தி க்ளாஷ்ல சிமோனன் சேந்தப்போ அவருக்கும் சுத்தமா வாசிக்கத் தெரியாது. அவங்க கிடாரிஸ்ட் மிக் ஜோன்ஸ் கிடார் சொல்லிக் குடுத்துப் பாத்து அது வராம, சரி பேஸ் எடுன்னு குடுத்தார். எந்த ஸ்வரம் எங்க இருக்குன்னு தெரியறதுக்காக பேஸோட கழுத்துல எழுத்தை பெயிண்ட் பண்ணி வெச்சுக்கிட்டு மேடை ஏறினார். இது வரைக்கும் சிட் கதையும் இவர் கதையும் ஒண்ணுதான். ஆனா இவர் ஜமைக்கா இசையான ரெக்கே ரெக்கார்டுங்களைப் போட்டுப் போட்டு கூடவே வாசிச்சுப் பழகினார். 1979 டிசம்பர்ல வந்த அவங்க ரெட்டை ஆல்பத்துல லண்டனோட பிரிக்ஸ்டன் பகுதி பத்தி ஒரு பாட்டு இருக்கு, எழுதினதும் பாடினதும் சிமோனன்தான், அதோட பேஸ் லைனை ஒரு தடவ கேட்டவங்க மறக்க மாட்டாங்க. எழுத்துப் பாத்து வாசிச்ச ஆளு மூணே வருஷத்துல அங்க போய் நின்னார். ரெண்டு பேருக்கும் வெறி ஒண்ணுதான், தோற்றம் ஒண்ணுதான், ஆரம்பிச்ச இடமும் ஒண்ணுதான். ஒருத்தர் உக்காந்து பழகினார், இன்னொருத்தர் பழகல. சிட்டை வெச்சு எழுதற ஒவ்வொரு கட்டுரைலயும் சிமோனனும் இருக்கணும்.

அந்த க்ளாஷ் ஆல்பத்தைப் பத்தி பேசும்போது இன்னொண்ணும் சொல்லணும். அதோட தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ், பேண்டு வாசிச்சுக்கிட்டிருக்கும்போதே ஸ்டூடியோவுக்குள்ள நாற்காலியத் தூக்கிப் போட்டு உடைப்பார், ஏணியத் தூக்கி சுழட்டுவார், அவங்களுக்கு வெறி ஏத்தறதுக்காக. கேக்கறதுக்கு எனர்ஜி கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனா ஏணி பறக்கற அறைல காலப்பிரமாணம் ஒரு இம்மிகூட நகராம வாசிக்கறதுக்கு அங்க டாப்பர் ஹெடன்னு ஒருத்தர் இருந்தார், ஜாஸும் சோலும் பழகின டிரம்மர், முதல் ஆல்பத்துக்கு அப்புறம் 1977ல வந்து சேந்தவர். அவர் வந்ததுக்கு அப்புறம்தான் க்ளாஷால ராக்கபில்லி, ஜாஸ்னு எதை வேணா தொட முடிஞ்சுது. டாப்பர் இல்லாத க்ளாஷோட முதல் ஆல்பமும் எனக்குப் பிடிக்கும், சொல்லப்போனா அதுல இருக்கற அவசரம் பின்னாடி வந்ததுல இல்ல. அதை நான் மறுக்கல. ஆனா ஏணியச் சுழட்டினா நல்ல ஆல்பம் வந்துடும்னு யாராவது நினைச்சா அவங்ககிட்ட டாப்பர் இருக்காரான்னு முதல்ல பாக்கணும்.

பங்க்னா மூணு கார்டுதான்னு சொல்லுவாங்களே, அந்த விஷயத்துக்கு வரேன். 1977 ஜனவரில இங்கிலாந்துல ஒரு சின்ன கைப்பத்திரிகை, சைட்பர்ன்ஸ்னு பேரு, அதுல மூணு கார்டோட விரல் படத்தை வரைஞ்சு, இது ஒரு கார்டு, இது இன்னொண்ணு, இது மூணாவது, இப்போ போய் ஒரு பேண்டு ஆரம்பின்னு போட்டிருந்தாங்க. உலகம் பூரா பரவின படம் அது. எனக்கு அந்தப் படத்து மேல பெரிய மரியாதை இருக்கு. ஆனா அதுல ஆரம்பின்னுதான் போட்டிருக்கு, அதோட நிறுத்திக்கன்னு போடல. அந்தக் காலத்துல ராக் எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சாதான் அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். ஸ்டேடியம், லாரி லாரியா உபகரணம், இருபது நிமிஷப் பாட்டு, ஒருத்தர் சோலோ வாசிக்கும்போது மத்தவங்க உள்ள போய் உக்காந்துட்டு வரலாம். பதினாறு வயசுப் பையனோ பொண்ணோ அதைப் பாத்தா இதுக்கெல்லாம் பத்து வருஷம் படிக்கணும், நிறைய காசு வேணும், நமக்கு இது இல்லன்னு திரும்பிப் போயிடுவாங்க. அவங்களை உக்கார வெச்சு நீயும் இன்னிக்கே தொடங்கலாம்னு சொன்னது பங்க். நாளைக்கும் பழகாதேன்னு அது யார்கிட்டயும் சொல்லல.

மான்செஸ்டர்ல நடந்ததே இதுக்கு சாட்சி. 1976 ஜூன் 4ஆம் தேதி லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால்ல பிஸ்டல்ஸ் வாசிச்சாங்க, ஏற்பாடு பண்ணினது பீட் ஷெல்லியும் ஹோவர்ட் டெவோட்டோவும், நாற்பது பேர் பக்கம்தான் இருந்திருப்பாங்கன்னு சொல்றாங்க. அந்த ரெண்டு பேரும் தங்களோட பஸ்காக்ஸ் பேண்டுக்காக 500 பவுண்டு கடன வாங்கி, அந்த டிசம்பர்லயே ரெக்கார்ட் பண்ணி 1977 ஜனவரில சொந்த லேபிள்ல நாலு பாட்டு வெளியிட்டாங்க. அதுல ஒரு பாட்டுல ஷெல்லி வாசிக்கற கிடார் சோலோல ரெண்டே ரெண்டு ஸ்வரம்தான், அதையே திருப்பித் திருப்பி. சோலோன்னா விரல் பறக்கணும்னு இருந்த காலத்துல அந்த ரெண்டு ஸ்வரத்தை எங்க நுழைக்கணும், எவ்வளவு நேரம் இழுக்கணும், எப்போ விடணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதே ஆளு அடுத்த ரெண்டு வருஷத்துல எழுதின காதல் பாட்டுங்களோட மெட்டைக் கேட்டீங்கன்னா ரெண்டு ஸ்வரத்துக்கு மேல தெரியாதவர் எழுதினதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அன்னிக்கு கூட்டத்துல இருந்த இன்னொருத்தர் பீட்டர் ஹூக், மறுநாளே போய் ஒரு பேஸ் கிடார் வாங்கினார், பின்னாடி ஜாய் டிவிஷன் பேண்டுல வாசிச்சவர். அவரோட ஆம்ப் மோசமா இருந்ததால கீழ் ஸ்வரம் வாசிச்சா அவருக்கே காதுல விழல, அதனால கழுத்துல மேல போய் வாசிக்க ஆரம்பிச்சார், அதுவே அவரோட அடையாளம் ஆயிடுச்சு. பள்ளிக்கூடத்துல படிச்ச பேஸிஸ்டுக்கு அது தோணியே இருக்காது. ஆனா எது நல்லா இருக்குன்னு கேட்டுப் பிடிச்சுக்கற காது வேணும்ல, அந்தக் காதுக்குப் பேர் என்ன?

இங்க ஸ்லிட்ஸைப் பத்தி பேசாம விட்டா நான் நேர்மையா எழுதினவனா இருக்க மாட்டேன், ஏன்னா அவங்கதான் என் வாதத்துக்கு ரொம்ப கஷ்டமான கேள்வி. 1976ல லண்டன்ல சேந்த பெண்கள் பேண்டு, பாடகி ஆரி அப்புக்கு அப்போ 14 வயசு, கிடார் வாசிச்ச விவ் ஆல்பர்டைன் அந்த வருஷம்தான் கிடாரையே கைல எடுத்தாங்க, டிரம்ஸ் பால்மோலிவ். 1977ல பிபிசி ரேடியோல ஜான் பீல் நிகழ்ச்சிக்காக அவங்க வாசிச்ச செஷன் இருக்கு, தாளம் முன்ன பின்ன ஓடும், கிடார் ஒரு பக்கம் போகும், குரல் இன்னொரு பக்கம் போகும். ரெண்டு வருஷம் கழிச்சு முதல் ஆல்பம் வந்தப்போ பால்மோலிவ் இல்ல, பட்ஜின்னு ரொம்ப நேர்த்தியான டிரம்மர் வாசிச்சார், தயாரிப்பு டென்னிஸ் போவெல், ரெக்கே உலகத்துல பெரிய ஆளு. பாட்டுங்களுக்கு நடுவுல காத்தோட்டம் வந்துச்சு, எது எங்க நிக்கணுமோ அங்க நின்னுச்சு, எல்லாரும் கொண்டாடற ஆல்பம் அது, கொண்டாட வேண்டிய ஆல்பம்தான். இருந்தும் நான் அடிக்கடி போட்டுக் கேக்கறது பீல் செஷனைத்தான். ஏன்னு என்னை நானே கேட்டிருக்கேன். அந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் துரத்திக்கிட்டு ஓடற மாதிரி ஒரு ஆபத்து அதுல இருக்கு, அடுத்த நொடி எல்லாம் கவிழ்ந்துடுமோன்னு தோணும், ஆனா கவிழாது. இந்த ஒரு இடத்துல எனர்ஜி திறமைய ஜெயிக்குதுன்னு நீங்க சொன்னா நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா அவங்க தெரியாம வாசிச்சது யாரோட தாளத்தையும் நகல் எடுக்கல, நாலு பேரும் எந்தப் பக்கம் ஓடினாலும் அடுத்தவங்க என்ன பண்றாங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டு கேட்டுக்கிட்டேதான் ஓடறாங்க. அதனாலதான் கவிழல. கேக்கவே கேக்காத நாலு பேர் அதே மாதிரி ஓடினா என்ன ஆகும்னு எத்தனையோ பேண்டுங்க காட்டியிருக்கு.

இன்னொரு கோடியில பேட் ப்ரெயின்ஸ் பேண்டு. வாஷிங்டன்ல நாலு கருப்பின இளைஞர்கள், முதல்ல மைண்ட் பவர்னு பேர் வெச்சு ஜாஸ் ஃப்யூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்த சிக்கலான இசை) வாசிச்சுக்கிட்டிருந்தவங்க, மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, ரிடர்ன் டு ஃபாரெவர் மாதிரி ஃப்யூஷன் பேண்டுங்களைக் கேட்டு அது மாதிரி வாசிக்கணும்னு பழகினவங்க. அதுக்கப்புறம் பங்க் பக்கம் திரும்பினாங்க. 1980ல வந்த அவங்க முதல் சிங்கிள் ஒன்றரை நிமிஷம்கூட இல்ல, அந்த வேகத்தை அதுக்கு முன்னாடி யாரும் தொட்டதில்லன்னு நான் நினைக்கறேன், ஹார்ட்கோர்னு பின்னாடி பேர் வந்த வகைல நிறைய பேர் அவங்களைப் பாத்துதான் ஓட ஆரம்பிச்சாங்க. பங்க்லயே அதிகமான எனர்ஜி யார்கிட்டன்னு கேட்டா பாதி பேர் இவங்க பேரைத்தான் சொல்லுவாங்க, அந்த பாதி பேருக்கு இவங்கதான் அதுலயே அதிகம் பழகினவங்கன்னும் தெரியும். நாலு பேரும் அந்த வேகத்துல போய்க்கிட்டிருக்கும்போதே ஒரே நொடில நிறுத்தி, மூச்சு விடற நேரம் விட்டு, திரும்ப ஒண்ணா விழுவாங்க. அதுக்கு நடுவுல மெதுவா ஒரு ரெக்கே பாட்டு வாசிப்பாங்க, அவசரமே இல்லாம. ஃப்யூஷன் பழகாத கையால இது முடியுமா? அவங்க அந்தப் பழக்கத்தை சோலோவா காட்டல, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியால பிளாக் ஃப்ளாக் பேண்டு தினமும் மணிக்கணக்கா ரிகர்சல் பண்ணுவாங்க, அவங்க கிடாரிஸ்ட் கிரெக் ஜின் அதுல விடாப்பிடி. மினிட்மென் பேண்டு 1984ல போட்ட ரெட்டை ஆல்பத்துல நாற்பதுக்கு மேல பாட்டு, ஒவ்வொண்ணும் ஒண்ணு ரெண்டு நிமிஷம், ஃபங்க்கும் ஜாஸும் கலந்து. சிபிஜிபிலயே ராமோன்ஸுக்கு முன்னாடி மேடை ஏறின டெலிவிஷன் பேண்டு 1977ல பத்து நிமிஷப் பாட்டு போட்டாங்க, ரெண்டு கிடாரும் பேசிக்கிட்டே போகும். பங்க் பொறந்த அதே மேடைல நீளமான சோலோவும் இருந்துச்சு, யாரும் கல்லெடுத்து அடிக்கல.

அப்போ எனர்ஜி மட்டும் இருந்து வேற எதுவும் இல்லாம போனா என்ன ஆகும்னா, அதையும் பாத்தாச்சு. எண்பதுகள்ல ஹார்ட்கோர் பரவினதுக்கு அப்புறம் ஒரே வேகம், ஒரே கத்தல், ஒரே சட்டைன்னு வந்த பேண்டுங்களுக்கு எண்ணிக்கையே கிடையாது. அவங்க எல்லாரும் மனசாரத்தான் கத்தினாங்க, அதுல பொய் இல்ல. ஆனா மூணாவது பாட்டுலயே காது அடைச்சுப் போயிடும், எல்லாமே உச்சத்துல இருந்தா உச்சம்னு ஒண்ணே இல்லாம போயிடுது. எங்க அடங்கணும்னு தெரிஞ்சவன் கத்தினாதான் கத்தல் கேக்கும். அந்த ஆயிரம் பேண்டுல யார் நிக்கறாங்கன்னு பாத்தா எப்பவும் ஒரு நல்ல டிரம்மரோ ஒரு நல்ல மெட்டுக்காரரோ உள்ள இருக்கார்.

இதுக்கு ஏன் இவ்வளவு எழுதறேன்னு கேக்கலாம். உங்க பேப்பரைப் படிக்கற சின்னப் பசங்கள்ல ஒண்ணு ரெண்டு பேர் அந்தக் கட்டுரையப் படிச்சிட்டு ஒரு பழைய கிடாரை எடுத்திருப்பாங்க. அதுக்காக கட்டுரை எழுதினவருக்கு நன்றி சொல்லணும். ஆனா அவங்க கை வலிக்க ஆரம்பிக்கும்போது, பங்க்குல இதெல்லாம் பழக வேண்டியதில்லன்னு பேப்பர்லயே போட்டிருந்துச்சேன்னு விட்டுடுவாங்க, இல்லன்னா வலிக்குதுன்னா நமக்கு வெறி பத்தலன்னு நினைச்சுப்பாங்க. ரெண்டுமே தப்பு. அந்த வலி எல்லாருக்கும் வரும், தினமும் மெதுவா ஆரம்பிச்சு மெட்ரோனோமை (தாளம் தட்டற கருவி) கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா கைக்கு பழகிடும், பிக்கை இறுக்கிப் பிடிக்காம தோளைத் தளர்த்தி அடிச்சா சீக்கிரமே பழகும். குறிப்பா பொண்ணுங்களுக்கு இதைச் சொல்லணும், ஏன்னா ஸ்லிட்ஸ் காலத்துலேர்ந்தே பொண்ணுங்க பேண்டு நல்லா இருந்தா அது எனர்ஜி, பசங்க பேண்டு நல்லா இருந்தா அது வாசிப்புன்னு எழுதற பழக்கம் இருக்கு. விவ் ஆல்பர்டைன் அந்த ஆல்பத்துல வாசிச்ச கிடாரை, அந்தக் கீறல் கீறலான ரிதத்தை, எந்தப் புத்தகத்துலேர்ந்தும் எடுக்கல, அவங்களே தேடிக் கண்டுபிடிச்சது. அதை எனர்ஜின்னு ஒரு வார்த்தைல முடிச்சா அவங்க பட்ட பாட்டை அழிச்சிட்ட மாதிரி.

இரைச்சல்னு எழுதின வாசகர்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன், பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க, அது உங்க உரிமை, வேகமும் சத்தமும் எல்லாருக்கும் ஒத்துக்கணும்னு இல்ல. ஆனா தெரியாம வாசிக்கறாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ராமோன்ஸோட முதல் ஆல்பத்தை ஹெட்ஃபோன்ல போடுங்க. ஒரு காதுல கிடார், இன்னொரு காதுல பேஸ்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஒரு பக்கத்தைக் கழட்டிட்டு கிடாரை மட்டும் ஒரு பாட்டு முழுக்க கேளுங்க, அப்புறம் பேஸை மட்டும் கேளுங்க, ரெண்டும் டிரம்ஸோட எங்க ஒட்டுது எங்க விலகுதுன்னு பாருங்க. கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க, நான் படிக்கறேன்.

ஆசிரியருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இசை பத்தி இணைப்பு போடும்போது பாடினவர் படத்தோட நிறுத்திக்காம யார் என்ன வாசிச்சாங்கன்னும் போடுங்க. டாப்பர் ஹெடன், பால் குக், டாமி ராமோன், பேட் ப்ரெயின்ஸோட எர்ல் ஹட்சன், இந்த நாலு டிரம்மர்களைப் பத்தி ஒரு முழுப்பக்கம் ஒதுக்கினீங்கன்னா எழுதித் தர நான் தயாரா இருக்கேன்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகன்